மிஸ்ஸி விட்ட மீன்

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது என்றால் அந்தச் செய்தி மடுவில்தான் முதலில் தெரியும். வளவின் மூலையில், வீடு கட்ட மண் எடுத்த குழியில், மாரிமழை நிறைந்து கிடப்பதுதான் மடு. அதில் திடீரென்று யப்பான் மீன் வாலடித்தால் அந்த வீட்டில் ஒருத்தி புளிமாங்காய் தேடுகிறாள் என்று பொருள். அதன்பிறகு யாரும் யாரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. இந்த வழக்கத்தை உண்டாக்கியவர் மிஸ்ஸி. ஆனால் வழக்கம் ஒன்றை உண்டாக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் தூண்டில் போட ஓர் இடம்.

மிஸ்ஸி என்பது பெயரல்ல. அரசாங்கத்து மருத்துவமாதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். கிளினிக் அட்டைகளில் கையெழுத்தும் வைத்திருக்கிறார். அந்தக் கையெழுத்தை, ஊரிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன என்னாலேயே வாசிக்க முடிந்ததில்லை.

குட்டையான, அகலமான பெண். வெள்ளைச் சீருடைச் சேலை, றப்பர் செருப்பு, லேடீஸ் சைக்கிள். சைக்கிளின் ஹாண்டிலில் பிரசவப் பை தொங்கும். பின் கரியரில் தடுப்பூசி கொண்டுவருகிற பழைய பெட்டி ஒன்று. பிடி உடைந்துவிட்டதென்று சுகாதாரக் கந்தோர், அதாவது அலுவலகம், அதைக் கழித்துவிட்டது, மிஸ்ஸி கழிக்கவில்லை. இவை இரண்டுக்கும் நடுவே, முன்னால் ஒரு முழமும் பின்னால் இரண்டு முழமும் நீட்டிக்கொண்டு, மூங்கில் தூண்டில் கம்பு. எங்கள் மண் ஒழுங்கையில் எதிரே வருகிறவர்கள் மிஸ்ஸிக்கு வணக்கம் சொல்வதற்கு முன் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள்.

எங்களுடையது படுவான்கரை, வாவியின் மேற்குப் பக்கம். ஆஸ்பத்திரியும் பட்டணமும் அக்கரையில். அது யுத்த காலம். வாவியைக் கடக்கும் ஓடம் ஓடுகிற நாளில் ஓடும். ஓடாத நாளில் ஏன் ஓடவில்லை என்று கேட்க ஆளில்லை. ஆகவே பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டிலேயே பிறந்தார்கள். மிஸ்ஸி வருவார். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். "நேரம் கிடக்கு" என்பார். வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டு, கம்பை அவிழ்த்துக்கொண்டு மடுக்கரைக்குப் போய்விடுவார்.

முதல் பிள்ளைக்காகக் காத்திருக்கும் கணவன்மாருக்கு இது தாங்காது. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் மடுவைச் சுற்றிச் சுற்றி ஓடியது எனக்கு நினைவிருக்கிறது.

"மிஸ்ஸி, உள்ள அவ கத்துறா! நீங்க மீன் புடிக்கிறீங்க!"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கன் மகன். இது மூணாவது கத்தல். அஞ்சாவது கத்தலுக்கு நான் கம்பைச் சுத்துவன்."

"உள்ள போய்ப் பக்கத்தில இருங்களன்."

"பாத்துக்கிட்டே இருந்தா வெக்கப்பட்டு வராது மகன். மீனும் அப்படித்தான். நீ ஓடாத, மிதப்பு ஆடுது."

மிதப்பு என்பது மயிலிறகின் தண்டு. அது ஒரு தடவை முங்கினால் மீன் இரை கடித்துவிட்டது என்று அர்த்தம். ஐந்தாவது கத்தல் கேட்டதும் மிஸ்ஸி உண்மையாகவே எழும்பிவிடுவார். தூண்டிலில் மீன் இழுத்துக்கொண்டிருந்தாலும் சரி, கம்பைக் கணவனின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போவார். எங்கள் ஊரில் பல அப்பாமார் தங்கள் முதல் பிள்ளையின் முதல் அழுகையை ஒரு மீனை இழுத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறார்கள். அவருடைய கையில் ஒரு பிள்ளையோ தாயோ தவறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மிஸ்ஸி எங்கள் பகுதிக்கு வந்த புதிதில் மடுக்களில் இருந்தவை விராலும் கெளுத்தியும்தான். இரண்டையும் அவருக்குப் பிடிக்காது. கெளுத்தி முள்ளால் குத்தும். குத்து வாங்கிய வீங்கிய கையோடு பிள்ளைப்பேறு பார்க்க முடியாது. விரால் வேறு மாதிரி. இரையைப் பார்க்கும், சுற்றிவரும், போய்விடும்.

"விரால் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள, புறந்த புள்ளைக்குப் பல்லு முளைச்சிடும்" என்பார்.

அதனால்தான் யப்பான் மீனைக் கொண்டுவந்தார். மேற்கே உன்னிச்சைப் பக்கத்துப் பெரிய குளத்தில் முன்னொரு காலத்தில் அரசாங்கம் விட்ட மீன் அது. பத்திரிகையில் திலாப்பியா என்று எழுதுவார்கள். பெயர்தான் யப்பான், பிறந்த இடம் ஆபிரிக்கா. இதைப் பின்னாளில் நூலகத்தில் வாசித்து அறிந்து, விடுமுறைக்கு வந்தபோது ஊரில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. மிஸ்ஸி மட்டும் நம்பினார், ஆனால் பொருட்படுத்தவில்லை. "எந்த ஊர் எண்டு அதுக்கிட்டக் கேட்டா சொல்லவா போகுது? இப்ப நீந்துறதெல்லாம் இஞ்ச புறந்ததுகள்தானே" என்றார்.

அந்த மீனை அவர் "மரியாதையான மீன்" என்பார். கூப்பிட்டால் வரும். சோறு போட்டாலும் கடிக்கும், மண்புழு போட்டாலும் கடிக்கும், ஒன்றும் போடாவிட்டாலும் கடித்துப் பார்க்கும். மிஸ்ஸி போட்டது சத்துமா. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வரும் சத்துமாப் பைகளில் எலி கடித்தவற்றை யாருக்கும் கொடுக்கக்கூடாது. அவற்றைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டித் தூண்டிலில் குத்துவார். "தாய்க்கும் அதுதான், மீனுக்கும் அதுதான். ரெண்டும் நல்லா வரும்."

இதில் ஒரு கணக்கும் இருந்தது. நாலாம் மாதமளவில் வீட்டுக்கு வந்து கிளினிக் அட்டை எழுதுவார். அன்றைக்கே அந்த வீட்டு மடுவில் விரல் நீள மீன்களில் ஒரு டசின் விடுவார். பிள்ளை வரும் மாதத்துக்கு மீன் தூண்டிலுக்கு ஏற்ற அளவாக வளர்ந்திருக்கும். மடு இல்லாத வீடு என்றால் பக்கத்து வளவு மடு, அதுவும் இல்லையென்றால் ஒழுங்கை முடிவில் உள்ள வாய்க்கால். அந்தக் கத்தல் கேட்கும் தூரத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிடித்த மீனை அவர் ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. பிள்ளை பெற்ற வீட்டிலேயே சட்டியில் போட்டுவிட்டுப் போவார்.

பிடிக்கிற மீன்களிலும் சிலவற்றைத் திரும்ப விட்டுவிடுவார். இந்த மீனில் தாய் தன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். அந்த நாட்களில் அது இரை எடுக்காது. தவறிப்போய்த் தூண்டிலில் மாட்டினால் வாயிலிருந்து கடுகு கடுகாகக் குஞ்சுகள் சிந்தும். மிஸ்ஸி பதறிவிடுவார். "ஐயோ, மன்னிச்சுக்க புள்ள, மன்னிச்சுக்க" என்று மீனிடம் சொல்லிக்கொண்டே கொழுக்கியைக் கழற்றி, சிந்தின குஞ்சுகளைக் கையால் அள்ளித் தாயின் பக்கமாக விடுவார். பிள்ளை பெறும் பெண்களோடு அவர் இவ்வளவு பணிவாகக் கதைத்து நான் கேட்டதில்லை. அவர்களிடம் "கத்தினது காணும், மூச்சைப் புடி" என்பார்.

மீன் கொண்டுவரும் பயணம்தான் பெரிய பாடு. உன்னிச்சைப் பக்கம் போய்வர இரண்டு தரப்பையும் கடக்க வேண்டும். ஆமி சென்றியில், அதாவது இராணுவக் காவலரணில், ஒருநாள் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மிஸ்ஸி "வேணாம்" என்று கையை ஆட்டினார். அது அவர்களுக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. இரண்டு பேர் துவக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்க, ஒருவன் துப்பாக்கி முனையால் மூடியை நெம்பினான். ஒரு மீன் துள்ளி அவனுடைய சட்டைக்குள் போய்விட்டது. "மாலு! மாலு!" என்று அவன் மீனின் சிங்களப் பெயரைக் கத்திக்கொண்டு ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மணல்மூட்டைக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பி நின்று சிரித்தார்களாம். அடுத்த முறை போனபோது அவர்கள் மணல் எடுத்த குழிக்கு நாலு மீன் கேட்டார்கள். மிஸ்ஸி கொடுத்தார். அங்கிருந்து இரண்டு கட்டை தூரம் தள்ளி, மற்றப் பக்கத்து இயக்கப் பொடியன்கள் மறித்து, "இது என்ன அம்மா?" என்று கேட்டார்கள். அவர்களும் தங்கள் முகாம் குளத்துக்கு நாலு வாங்கிக்கொண்டார்கள்.

"ரெண்டு பக்கமும் குந்தியிருந்து தூண்டில் போட்டா, அந்த நேரம் வரைக்குமாவது கை வேற வேலைக்குப் போகாதுதானே" என்றார் மிஸ்ஸி. அது நடந்ததா என்று எனக்குத் தெரியாது. மீன் பெருகியது மட்டும் தெரியும்.

மிஸ்ஸியைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அது நியாயமாகாது. யப்பான் மீன் வந்தபிறகு மடுக்களில் தெளிந்த தண்ணீர் இல்லை. அடிச்சேற்றைக் கிண்டிக் கிண்டிக் குழி பறிக்கும். மாரி வெள்ளத்தில் மடுவிலிருந்து வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து வட்டைக்கும், அதாவது எங்கள் வயற்பரப்புக்கும், போனது. முன்பு வாய்க்காலில் கையால் அள்ளிய பொடிமீன்களின் பெயர்களைச் சொன்னால் இன்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் வாய்க்காலில் பூத்த அல்லியும் போய்விட்டது. அப்பா இதைச் சொல்லி மிஸ்ஸியை ஏசுவார், அவர் இல்லாத நேரம் பார்த்து.

இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா வயல் செய்கிறவர், கைநாட்டு. அம்மா நாலாம் வகுப்போடு நின்றவர். நான் ஒரே பிள்ளை. எனக்கு வந்தாறுமூலைக் கெம்பசுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, அனுமதிக் கடிதம் வந்தபோது ஊரே எங்கள் வளவுக்கு வந்தது. ஒருவர் பூசணிக்காய் கொண்டுவந்தார். ஒருவர் சேவல் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார். நான் மாமரத்தின் கீழ் கதிரை போட்டு உட்கார்ந்து, கடிதத்தை வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். கேட்காதவர்களுக்கும் வாசித்தேன்.

அந்தக் கிழமையில் மிஸ்ஸி வந்தார். குசினிக்குப் பின்னால் போய் அம்மாவோடு ஏதோ மெதுவாகக் கதைத்தார். பிறகு பெட்டியை இறக்கி, எங்கள் மடுவில் ஒரு டசின் மீனை விட்டார். போகும்போது என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி, நல்லாப் படி" என்றார்.

பூசணிக்காய், சேவல், மீன். எனக்கு அது ஒரே வரிசையாகத்தான் தெரிந்தது. அந்தக் கிழமை முழுக்க உலகத்தில் நடந்தவை எல்லாம் எனக்காகவே நடந்தன. நேரே பக்கத்து வளவுக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே அப்பாவின் அக்கா, என் மாமி, தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றார்.

"மாமி, தெரியுமா? மிஸ்ஸி எனக்காக எங்கட மடுவில மீன் விட்டிருக்கா!"

மாமியின் கையிலிருந்த வாளி கயிற்றோடு கிணற்றுக்குள் போனது.

"உனக்காகவா?"

"பின்ன ஆருக்கு? எங்கட வீட்டில வேற ஆரு இருக்கிற?"

மாமி வாளியைத் தேடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. அந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டு நானே எடுத்து வைத்தேன், அவருக்கு உதவியாக.

பின்னேரமாவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாமியின் மகன் என் மச்சான். அவனுடைய பெயரும் கதையில் சேர்ந்துவிட்டது. அவன் அடுத்த பஸ்ஸிலேயே மாங்கேணிக்குப் போய்விட்டான். அங்கே அவனுக்கு வலை வேலை இருந்ததாம். அதற்கு முன் அவனுக்கு எங்கேயும் ஒரு வேலையும் இருந்ததில்லை.

அப்பா என்னோடு கதைக்கவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "கெம்பசும் வேணாம் ஒண்டும் வேணாம். அவன் மாங்கேணியில இருந்து வரட்டும். சோத்தைக் குடுத்து முடிச்சு விட்டுடுவம்."

சோறு கொடுப்பது என்றால் எங்கள் பக்கத்தில் கலியாணம்.

"ஆதாரம் என்ன? எதை வெச்சு இப்படிக் கதைக்கிறீங்க?" என்று நான் கேட்டேன். விவாதப் போட்டியில் வாங்கிய கிண்ணம் அலுமாரிக்கு மேல் இருந்தது.

"ஆதாரம் மடுவுக்குள்ள நீந்துது, போய்ப் பாரு" என்றார் அப்பா.

அம்மா சட்டியைப் பார்த்துக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தார். எனக்கு ஊரை விட அம்மாவில்தான் கோபம் கோபமாக வந்தது.

திங்கட்கிழமை கெம்பசில் பதிய வேண்டும். அதற்குக் கிராம சேவகரின் நற்சான்றிதழ் வேண்டும். ஊரில் அவரை விதானையார் என்போம். நான் படிவத்தைக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டார்.

"மனே, நான் உன்னை ஒண்டும் சொல்லல. ஆனா இந்தக் கடுதாசியில 'நன்னடத்தை' எண்டு அச்சடிச்சுக் கிடக்கு. நான் கையெழுத்து வெச்ச மறுகா, மிஸ்ஸி உங்கட வளவுக்குள்ள தூண்டிலோட வந்து குந்தினா என்ட உத்தியோகம் என்னாகும்?"

நான் கிளினிக்குக்குப் போனேன். மிஸ்ஸி குழந்தை ஒன்றைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, அந்த மீன் ஆருக்கு விட்ட மீன்?"

"மடுவுக்கு விட்ட மீன்."

"எனக்கில்ல எண்டாவது வந்து சொல்லுங்க. திங்கக்கிழமை நான் போகாட்டி என்ட இடம் போயிடும். மூண்டு வருசம் விளக்கு வெளிச்சத்தில படிச்ச நான்."

"உனக்கில்ல எண்டு சொன்னா, மறுகா ஆருக்கு எண்டு கேப்பாங்க." குழந்தையை இறக்கித் தாயிடம் கொடுத்தார். "புள்ள, ஆருக்கு எண்டு நான் இண்டைக்கு வரைக்கும் வாய் திறந்து சொன்னதில்ல. ஊர்தான் பாத்துப் பாத்துச் சொல்லிக்கிட்டது. நான் ஒருக்கா வாயத் திறந்தா, இந்தக் கரையில ஒரு பொம்பிளையும் என்னட்ட வரமாட்டா."

நான் அழுதேன். மிஸ்ஸிக்கு அழுகை பிடிக்காது. சத்தத்தை எண்ணிப் பழகியவர். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"மீன்தானே இப்ப பிரச்சினை?"

"ஓம்."

"அப்ப மீனைத் திரும்ப எடுத்திடுவம். விட்டது பன்னிரண்டு. பன்னிரண்டையும் ஊருக்கு முன்னால எடுத்திட்டா மடுவில மீன் இல்ல. மீன் இல்லாட்டிக் கதையும் இல்ல."

எனக்கு அது மிகவும் தர்க்கபூர்வமாகப் பட்டது. இப்போது நினைக்கும்போது, தர்க்கத்தில் நான் வாங்கிய புள்ளிகளை யாராவது மீள்பரிசோதனை செய்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் மிஸ்ஸி தூண்டிலோடு வந்து எங்கள் மடுக்கரையில் உட்கார்ந்தார். ஊரும் வந்தது. மாமி முன்வரிசையில். விதானையார் தன் சைக்கிளைத் தென்னையில் சாத்திவிட்டு, முத்திரையும் படிவமும் பையில் இருக்க, நேரில் பார்க்க வந்திருந்தார். அப்பா எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மரக்குற்றியில் இருந்தார். அம்மா குசினிக்குள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு, பிடிபடுகிறவற்றைச் சத்தமாக எண்ணினேன்.

"ஒண்டு! ரெண்டு!"

மரியாதையான மீன்கள். வரிசையில் நின்றதைப் போல வந்தன. ஐந்து எடுக்க அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஏழாவதை எண்ணியபோது கூட்டத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் நின்றவரும் பொத்திக்கொண்டார்.

மாமி மெல்லிய குரலில் கேட்டார்: "மிஸ்ஸி, மீனை விட்டா என்ன அர்த்தம் எண்டு எங்களுக்குத் தெரியும். விட்ட மீனை வெளிய எடுத்தா அதுக்கு என்னகா அர்த்தம்?"

மிஸ்ஸியின் கை நின்றது. அவர் இதை யோசித்திருக்கவில்லை. நானும் யோசித்திருக்கவில்லை. என் கையில் வாளி கனத்தது. முன்பு ஊர்க்கதையில் எனக்கு ஒரு பிள்ளை மட்டும்தான் இருந்தது. இப்போது அதை நான் இல்லாமலாக்குவதாகவும் ஆகிவிட்டது. விதானையார் பையின் வாயை மெதுவாக மூடினார்.

மிதப்பு ஆடிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"எடுக்காதீங்க மிஸ்ஸி."

குசினி வாசலில் அம்மா நின்றார், கையில் கரண்டி. ஆண்கள் இருக்கும் இடத்தில் அம்மா குரல் எழுப்பி நான் அதற்கு முன் கேட்டதில்லை. நேரே வந்து என் கையிலிருந்த வாளியைப் பறித்தார்.

"இது எனக்கு விட்ட மீன்" என்றார்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான்.

"என்ட சீதன வளவு. என்ட மடு. என்ட மீன்." ஒவ்வொன்றுக்கும் கரண்டி ஒருமுறை உயர்ந்து இறங்கியது. "நாப்பத்திமூணு வயசில, மகளுக்குக் கெம்பஸ் கடிதம் வந்த கிழமையில, இதை நான் எப்படிகா வெளிய சொல்றது? வெக்கமில்லையா? ஆறாம் மாசம் நடக்குது. மிஸ்ஸிக்கே இந்தக் கிழமைதான் சொன்னன், இவருக்கு இன்னும் சொல்லல்ல. அந்த மீனை எடுத்தா எனக்கு மனம் கேளாது." 

வாளியைச் சரித்து ஏழு மீனையும் மடுவுக்குள் ஊற்றினார்.

அப்போதுதான் பார்த்தேன். என் அம்மா பருத்த உடம்புக்காரி. சேலையை எப்போதும் அகலமாகச் சுற்றுவார். ஆனாலும் ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு, உயிரியலில் திறமைச் சித்தி பெற்ற நான் அதைக் காணவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ கொஞ்சம் ஏமாற்றம். ஊர் முழுக்கப் பேசிய அந்த மீன் கடைசியில் எனக்கு விட்டதே இல்லை.

கூட்டம் முழுவதும் மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தது. அப்பா தென்னையின் உச்சியைப் பார்த்தார்.

"தம்பி! நீயாடா?" என்றார் மாமி.

"பின்ன ஆரு மச்சாள்?" என்று அம்மா கேட்டார்.

சிரிப்பை முதலில் தொடங்கியது யார் என்று தெரியாது. விதானையார் மட்டும் சிரிக்காமல், உத்தியோக முகத்தோடு, சைக்கிள் சீற்றின்மேல் படிவத்தை விரித்தார். என்னைக் கூப்பிட்டார். நன்னடத்தை என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்து வைத்தார். முத்திரையை இரண்டு முறை ஊதிக் குத்தினார். திங்கட்கிழமை நான் போகிறேன்.

"இன்னும் ஒரு கேள்வி கிடக்கு" என்றார் விதானையார், படிவத்தின் கீழ்ப்பகுதியைக் காட்டி. "குடும்பத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை. அண்ணன், இதுக்கு என்ன எழுத?"

அப்பா எழும்பி வந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. குனிந்து, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்தப் படிவத்தை மிகவும் கவனமாகப் பார்த்தார்.

"இப்போதைக்கு ஒண்டு எண்டு போடுங்க" என்றார். பிறகு, "இல்லாட்டி ரெண்டு எண்டு… பென்சிலால எழுதுங்க விதானையார்" என்றார்.

மிஸ்ஸி மடுவைப் பார்த்தபடியே இருந்தார். இத்தனை கூத்துக்கும் அவர் ஒருமுறைகூடத் திரும்பியிருக்கவில்லை. யாருடைய செய்தியையும் தன் வாயால் சொல்லாதவர், கம்பை மடியில் வைத்துவிட்டு, கையில் ஒட்டிய சத்துமாவைச் சேலையில் துடைத்தார். அம்மாவை ஒருதரம் பார்த்தார், அனுமதி கேட்பதைப் போல. அம்மாவுக்கு எதற்கென்று விளங்கவில்லை, ஆனாலும் தலையாட்டினார்.

"மூண்டு எண்டு எழுதுங்க விதானையார்" என்றார் மிஸ்ஸி. "பேனையால எழுதலாம். ரெண்டு தலையையும் நான் கையால தொட்டுப் பாத்திட்டன்."

அப்பா மடுவுக்குள் இறங்கி முகம் கழுவத் தொடங்கினார். விதானையார் எழுதி, திருத்தி, மை காயும்வரை ஊதி, படிவத்தை மடித்து என் கையில் தந்த பிறகும் அவர் கழுவிக்கொண்டே நின்றார்.